மடியில் இருந்த அரைமணி நேரம்

முள்ளிப்பட்டு,
12.7.2007

அக்காவுக்கு,

ஜெயப்ரியா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. மாமாவின் போன் நம்பர்கூட வாங்கி வைத்திருக்கிறேன். என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும், என்றைக்காவது உன் கை அதன் பக்கம் போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் பேசி நாலு வருஷம் ஆகிறது. அம்மாவை எடுத்த அன்றைக்குக்கூட நீ என் பக்கம் திரும்பவில்லை. அதற்காக உன்மேல் வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

எனக்கு இப்போது ஆறாம் மாதம். உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். நல்ல செய்தியாக எழுதத்தான் ஆசை. ஆனால் வேறு ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை எங்கள் ஊர் நர்ஸ் ஆரோக்கியசெல்வி சிஸ்டர், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் பதினொரு பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார். ஒரு பெரிய தம்ளர் நிறைய குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். குமட்டக் குமட்டக் குடித்தோம். பிறகு இரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கக் கூடாது. புதிதாக வந்திருக்கிற திட்டமாம், எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனை உண்டாம். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு நூற்று எண்பத்தேழு.

நான் சிரித்துவிட்டேன் அக்கா. "எனக்கு இருபத்தாறு வயசுதான் சிஸ்டர். சக்கர வர்ற வயசா இது? மிஷின் ஏதோ தப்பாக் காட்டுது" என்றேன்.

"மிஷின் சரியாத்தான் கீது. இது புள்ள வயித்துல இருக்கும்போதே வர்ற சக்கரம்மா. ஒடம்பு ஒல்லியா இருந்தாலும் வரும், வலி இருக்காது, மயக்கம் இருக்காது. ஒனக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா ஒன் ரத்தத்துல ஏறுற சக்கர புள்ளைக்கும் போய்கினே இருக்கும். அது தின்னு தின்னு பெருசா ஆவும். நாமளும் கொழுகொழுன்னு வளருதுன்னு சந்தோஷப்பட்டுகினு இருப்போம். கவனிக்காம வுட்டா கடைசி மாசத்துல திடீர்னு உள்ளேயே மூச்சு நின்னுடும், சில பேருக்கு" என்றார்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா, கூடப் பிறந்தவர்களுக்கு நாலு கிலோவுக்கு மேல் பிள்ளை பிறந்ததா, நிறைமாதத்தில் யாருக்காவது பிள்ளை தவறியதா என்று.

தெரியாது என்றேன். "தெரிஞ்சிகினு வாம்மா, முக்கியம்" என்றார்.

அக்கா, தொண்ணூற்றாறில் பிறந்த உன் பையனின் எடை என்ன என்று யாராவது உன்னிடம் சொன்னார்களா? உன்னிடம் இதைக் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று தெரியும். கேட்கிறேன்.

ஜெயா


தர்மவரம்,
21.7.2007

ஜெயப்ரியாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. கிழிக்கவில்லை.

எடையை என்னிடம் கேட்கிறாய். எனக்கு எப்படித் தெரியும்? ஊசி போட்டு மயக்கத்தில் கிடந்தேன். இரண்டு நாள் காய்ச்சல். கண்ணைத் திறந்தபோது பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கிடந்தது, பக்கத்தில் பிள்ளை இல்லை. ஆம்பளப் புள்ள என்றார்கள். பத்து மாதம் சுமந்ததற்கு எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு வார்த்தைதான். அம்மா சொல்லவில்லை. மாமா ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தவர், அதைப் பற்றி இன்று வரை வாய் திறக்கவில்லை.

உன்னிடம் மூன்று தடவை கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? பதினாறாம் நாள், கிணற்றடியில். அடுத்தது இரண்டாயிரத்தில், ஊருக்கு வந்திருந்தபோது. அந்தப் பிரசவம் நடந்த நர்சிங் ஹோமில் வேலை செய்த அம்மா ஒருத்தி ஆரணி மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "ஒன் தங்கச்சிதாம்மா தாழ்வாரத்துல ஒக்காந்து மடியிலயே வெச்சினு இருந்திச்சி, பாவம்" என்றாள். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். மூன்றாவது உன் கல்யாணத்துக்கு முந்தின நாள், நலங்கு வைத்துக்கொண்டே காதோடு கேட்டேன். மூன்று தடவையும் ஒரே முகம், ஒரே பேச்சு. "நான் பாக்கலக்கா."

பிள்ளை போனதற்காக நான் உன்னிடம் பேச்சை நிறுத்தவில்லை. அது யாரால் போனதோ. நீ பார்த்துவிட்டு இல்லையென்றாயே, அதற்காகத்தான்.

உன் நர்சுக்கு வேண்டியதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளச் சொல். பானு இங்கே தொண்ணூற்றொன்பதில் பிறந்தாள். ஆபரேஷன். நாலு கிலோ முந்நூறு. பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், இவ்வளவு பெரிய குழந்தையா என்று. நானும் பெருமையாகக் காட்டினேன்.

அந்த நர்ஸ் சொல்வதை எல்லாம் கேள். நீ எனக்குப் பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் கேள்.

குணசுந்தரி


முள்ளிப்பட்டு,
28.7.2007

அக்கா,

பார்த்தேன்.

மூன்று நாளாக இந்த ஒரு வார்த்தையை எழுதி எழுதி அடித்தேன். இப்போது எழுதிவிட்டேன். இனி நிறுத்த மாட்டேன், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நீ உட்கார்ந்து படி.

அன்றைக்கு மழை. மாமாவைக் கூப்பிட யாரையோ அனுப்பியிருந்தார்கள். உள்ளே உனக்கு ரத்தம் நிற்கவில்லை என்று எல்லாரும் உன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் பழைய பச்சைப் புடவையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "மாமா வர்ற வரைக்கும் வெச்சிரு. மூஞ்சத் தொறக்காத" என்றாள். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். எனக்குப் பதினைந்து வயசு. சுமையாக இருந்தது அக்கா. அவ்வளவு கனம். ஒரு குழந்தை இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

திறந்து பார்த்தேன்.

தூங்குகிற பிள்ளை மாதிரி இருந்தான். கன்னம் இரண்டும் உப்பி, வாய் சின்னதாகக் குவிந்து. தலைமுடி பின் கழுத்து வரைக்கும் இருந்தது, ஈரமாக, சுருட்டை சுருட்டையாக. மணிக்கட்டில் கயிறு கட்டின மாதிரி ஒரு மடிப்பு. தொடையில் மூன்று மடிப்பு. தாடையில் உனக்கு இருக்கிற அதே குழி, இடது பக்கம் கொஞ்சம் தள்ளி. காதின் ஓரம் முழுக்க மெல்லிசாக, பட்டு நூல் சிலுப்பின மாதிரி முடி. நகம் வளர்ந்திருந்தது. உள்ளே இருந்துகொண்டே நகம் வளர்த்திருக்கிறான் என்று நான் அதிசயப்பட்டேன். எந்த நேரத்தில் என்ன நினைத்தேன் பார். ஆனால் உண்மையாகவே அதிசயப்பட்டேன். பயம் வரவில்லை. இப்படி ஒருவன் யாருக்கும் தெரியாமல் உனக்குள் முழுசாகத் தயாராகி இருந்திருக்கிறானே, புருவம்கூட ஒரு மயிர் குறையாமல். யார் உட்கார்ந்து இதைச் செய்தது என்று நினைத்தேன்.

என் விரலை அவன் உள்ளங்கையில் வைத்தேன். இன்னும் சூடு இருந்தது. அவனுக்கு ஏது சூடு? உன் சூடுதான் அது.

பேசினேன் அவனிடம். நம் தெரு, நம் தறி, மழை பெய்கிறது, இதெல்லாம் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். அரைமணி நேரம் இருக்கும்.

எடை கேட்டேன் அல்லவா உன்னிடம். எனக்கே தெரியும் அக்கா. என் கையில் கொடுப்பதற்கு முன் அவனைத் தராசில் வைத்தார்கள். ஒரு நர்ஸ் இன்னொரு நர்சிடம் சொன்னது காதில் விழுந்தது. "நாலு எழுநூறு." சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உன்னிடம் எடை கேட்டு எழுதியது, எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே என்றுதான்.

அம்மா திரும்பி வந்து முகம் திறந்திருந்ததைப் பார்த்ததும் என் கன்னத்தில் அறைந்தாள். "ஒங்கக்காளுக்கு இது தெரிஞ்சா புத்தி பேதலிச்சிப் போவும். என் தலயில அடிச்சி சத்தியம் பண்ணு, பாக்கலன்னு" என்றாள். பண்ணினேன். அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். சாகும் வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில் ஒரு பதில் வந்தது. அதையும் எழுதுகிறேன், நீ என்ன நினைத்தாலும் சரி. அவனை நெஞ்சோடு பிடித்து வைத்திருந்தது நான் ஒருத்திதான். அந்த அரைமணி நேரம் எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டது. கொடுக்க மனசு வரவில்லை. இப்போது என் வயிற்றில் ஒன்று புரளும்போதுதான் தெரிகிறது, நான் வைத்துக்கொண்டிருந்தது யாருடையது என்று.

ஜெயா


தர்மவரம்,
14.8.2007

ஜெயா,

உன் கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி, வாசலில் நின்றபடியே படித்தேன். நீ உட்காரச் சொல்லியிருந்தாய். அந்த வரி வருவதற்குள் நான் பாதி தூரம் போய்விட்டேன்.

பதினைந்து நாளாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். உன்னை இழுத்து வைத்து அறைய வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில் உன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. அவன் கிடந்த கை.

காதில் முடி என்று எழுதியிருந்தாய். பானு பிறந்தபோது அவளுக்கும் காதோரம் அதே மாதிரி இருந்தது. கன்னம், தொடை மடிப்பு எல்லாம். பத்துப் பதினைந்து நாளில் முடி கொட்டிவிட்டது. நான் அதைத் தடவித் தடவிச் சிரிப்பேன். அப்படியென்றால் அவனை நான் பார்த்திருக்கிறேன் ஜெயா. அவள் முகத்தில் அவனைப் பார்த்திருக்கிறேன், பார்க்கிறேன் என்று தெரியாமலே. இதை நினைத்து நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. எத்தனை தடவை அவன் காதைத் தொட்டிருக்கிறேன் பார்.

இன்னொரு விஷயம். உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உன் நர்ஸ் சொன்னதை. பிறகு இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இருநூற்று அறுபத்தெட்டு. டாக்டர் தெலுங்குக்காரர். எத்தனை பிள்ளை, எவ்வளவு எடை என்று கேட்டார். நீ எழுதிய எடையையும் சேர்த்துச் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் பிள்ளையின்போதே வந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை, பார்க்கிற வழக்கமும் அப்போது இல்லை என்றார். என் கால் கட்டைவிரலில் தறி மிதிக்கிற இடத்தில் ஒரு புண் நாலு மாதமாக ஆறவில்லை. அதுவும் இதனால்தானாம்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷமாக நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று தேடிக்கொண்டிருந்தேன் ஜெயா. பப்பாளியா? கிரகணத்தன்று வெளியே வந்தேனா? தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு நிறைமாதம் வரைக்கும் நெய்தேனே, அதுவா? மாமியார் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் நம்பினேன். கடைசியில் பார்த்தால் சர்க்கரை. நாக்கில் ருசிகூடத் தட்டாத சர்க்கரை. நான் ஊட்டுகிறேன் என்று எனக்கே தெரியாமல் நான் ஊட்டி, அவன் வாங்கி வாங்கி வளர்ந்திருக்கிறான். தன்னால் முடிந்த வரைக்கும் சமாளித்திருக்கிறான். அவ்வளவு சின்ன உடம்பு.

அழவில்லை. அப்படியே பிரமித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். மாமா தேடிக்கொண்டு வந்து கூட்டிப் போனார்.

நீ ஜாக்கிரதை. ஒரு நாள்கூட விடாதே.

குணா


முள்ளிப்பட்டு,
9.9.2007

அன்புள்ள அக்கா,

குணா என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் இரண்டு பிள்ளைகளின் எடையையும் ஆரோக்கியசெல்வி சிஸ்டரிடம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார். பிறகு, "ஒங்கக்கா மருந்து சாப்பிடுறாங்களா? கால் புண்ண அலட்சியமா வுடச் சொல்லாத" என்றார். நீ மாத்திரையை ஒழுங்காகப் போடு. நான் உனக்குச் சொல்கிற காலம் வந்துவிட்டது பார்.

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மட்டும் மாற்றினார்கள். சோறு அளவாக, கீரை, பயறு, கேழ்வரகு, பசிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக. என் மாமியார் காசியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. "மாசமா இருக்கறவள பட்டினி போடச் சொல்ற நர்ஸ நான் எங்கயும் பாத்ததில்ல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் எனக்குத் தெரியாமல் கேழ்வரகுக் கூழில் வெல்லம் கரைத்துவிட்டார், பாசத்தில்தான். அன்றைக்குச் சோதனை. இருநூறைத் தாண்டிவிட்டது. சிஸ்டர் வீட்டுக்கே வந்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் போடாமல், உன் கதையைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. நாலு எழுநூறு என்று மட்டும் சொன்னார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாளிலிருந்து வெல்ல டப்பா வீட்டில் இல்லை. இப்போது பக்கத்து வீட்டுக்காரி பலகாரம் கொண்டுவந்து கொடுத்தால் வாசலிலேயே மடக்குகிறார்.

சாப்பாடு மட்டும் போதவில்லை. இப்போது இன்சுலின். என்னவர் அருணகிரிக்கு ஊசி என்றாலே ஆகாது, முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானே வயிற்றை ஒதுக்கித் தொடையில் போட்டுக்கொள்கிறேன். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. மருந்துப் புட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் ஊற்றின மண்பானைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தார் சிஸ்டர். அத்தை தினமும் அந்தத் தண்ணீரை மாற்றுகிறார், சாமிக்கு வைக்கிற மாதிரி.

சாப்பிட்டதும் நடக்க வேண்டும். தறியில் உட்கார்ந்தே இருந்த உடம்பு, எங்கே போய் நடப்பது என்று கூச்சம். காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள் அல்லவா, அதன் ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன். அறுந்த நூலைக் கண்டால் முடிச்சுப் போட்டுவிட்டு நடக்கிறேன். ஒரு நாள் நடக்காமல் பார்த்தால் நூற்றைம்பத்தைந்து. மறுநாள் அதே சாப்பாடு, அரைமணி நடை, நூற்றுப் பன்னிரண்டு. அக்கா, என் கால் நடந்தால் என் ரத்தம் மாறுகிறது. ரத்தம் மாறினால் உள்ளே இருக்கிற பிள்ளைக்கு எட்டுகிறது. இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. நான் ஒரு அடி வைத்தால் அது பிள்ளைக்குத் தெரிகிறது என்றால் இதைவிடப் பெரிய அதிசயம் என்ன இருக்கிறது?

ஆனால் பயமும் இருக்கிறது. பிள்ளை சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று கொஞ்ச நேரம் அசையவில்லை. நான் மூச்சே விடவில்லை. அப்புறம் ஒரு உதை. அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

நீ வருவாயா? அதற்காக அவசரப்படுத்தவில்லை. கேட்டு வைக்கிறேன்.

ஜெயா


தர்மவரம்,
20.9.2007

அன்புள்ள ஜெயா,

வர முடியாது, இப்போதைக்கு. கால்விரலைக் கீறிச் சுத்தம் பண்ணிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குத் தரையில் ஊன்றக் கூடாதாம். தறியில் பானுவின் அப்பா மட்டும்தான். எனக்கு நூல் சுற்றுகிற வேலை. பயப்படாதே, விரல் தப்பித்தது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் தப்பித்திருக்காது என்றார் டாக்டர். உன் கேள்வி ஒன்று என் விரலைக் காப்பாற்றியிருக்கிறது.

மாமாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தாழ்வாரத்துக் கடிதத்தை. இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் உனக்குத் தெரியும், நாலு வார்த்தை பேசினால் நாளெல்லாம் களைத்துப் போகிறவர். நான் படித்து முடித்ததும் தறியில் ஓட்டிக்கொண்டிருந்த நாடாவை அப்படியே வைத்துவிட்டு, "அந்தப் பச்சப் பொடவையோட நான் பொதைக்கல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

அப்புறம் சொன்னார். உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக ஏரிக்கரைக்குப் போகவில்லையாம். வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. தறியில் எலுமிச்சை நிறத்தில் ஒரு கல்யாணப் புடவை, பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. கத்திரியை எடுத்து அறுத்து, அதில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பாவோடு அறுத்திருக்கிறார் ஜெயா! பாதி நெய்த புடவையைத் தறியிலிருந்து அறுக்கிறவர் யாராவது உண்டா? முதலாளி வந்து கத்தியதும், எலி கடித்துவிட்டது என்று இவர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் படுத்த படுக்கையாக இருந்தேன். எலி பெரிசுதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் ஆரணியில் இவருக்கு யாரும் நெய்யப் பாவு கொடுக்காமல், நாங்கள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்டி சொல்றது? நீ கேக்கவே இல்லியே" என்றார்.

நான் உன்னிடம் மூன்று தடவை கேட்டேன். கூடவே இருந்த மனுஷரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவருக்கு ஒன்றும் இல்லை, ஆண்பிள்ளை, மறந்திருப்பார் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் ஒரே வீட்டில், ஒரே தறியின் பக்கத்தில், இவ்வளவு பெரிய ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு ஒருவர் இருக்க முடியுமா? இருந்திருக்கிறார். அவரைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நீ நட. ஊசி போடு. எண்ணு. பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் சொன்னதாகச் சொல், அவர்கள் வாயை மூட.

உன் அக்கா


ஆரணி,
22.10.2007

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

மாமாவின் போனில் என் வீட்டுக்காரர் செய்தி சொல்லியிருப்பார். ஆனாலும் இதை எழுதாமல் எனக்கு ஆகாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக இருக்கும்.

பெண் பிள்ளை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு. மூன்று கிலோ நூறு.

நாள் கடக்க விடக்கூடாது என்று முப்பத்தெட்டாவது வாரத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். மருந்து ஏற்றி வலி வர வைத்தார்கள். மணிக்கு ஒரு தடவை விரலில் குத்தி என் சர்க்கரையைப் பார்த்தார்கள். வலி வந்தபோது அம்மாவைக் கூப்பிடவில்லை, உன்னைத்தான் கூப்பிட்டேனாம். அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பிறந்ததும் அழுதாள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. இதைக் கேள். ஒரு மணி நேரத்தில் அவள் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை முப்பத்தாறு. குறைவு. மூன்று மாதமாகக் கூடுதல் கூடுதல் என்றார்களே, இப்போது குறைவு என்கிறார்களே. டாக்டரம்மா எனக்குச் சொன்னார்கள். "ஒங்க வயித்துல இருந்த வரைக்கும் நீங்க அனுப்புற சக்கரைய அடக்கறதுக்கு அவ தானே மருந்து சொரந்துகினு இருந்தா. இப்ப கொடிய அறுத்தாச்சி, நீங்க அனுப்பல. அவளுக்கு அது தெரியாது. பழக்கத்துல இன்னும் சொரந்துகினு இருக்கா. அதான் எறங்குது. பால் குடுங்க, ஒடனே குடுங்க" என்றார்கள்.

அக்கா, தான் இருக்கிற இடத்தைச் சமாளிக்க அவளே உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாள். கண்ணே திறக்காதவள். நான் ஊசி போட்டுக்கொண்டு என்னவோ நான் ஒருத்திதான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அவளும் பாடுபட்டிருக்கிறாள்.

பால் வரவில்லை. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. ஆரோக்கியசெல்வி சிஸ்டர் தன் வேலையை விட்டுவிட்டு முள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். சீம்பாலைப் பிழிந்து கிண்ணத்தில் எடுத்து ஸ்பூனால் வாயோரம் விட்டார். மறுபடி குத்தினார்கள். நாற்பத்தொன்று. மறுபடி பால். ஐம்பத்தெட்டு. அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. எழுபத்திரண்டு என்று சொன்னபோது, ஊசி என்றால் முகத்தைத் திருப்புகிற என் வீட்டுக்காரர், குத்துப்பட்ட அந்தக் குதிகாலைத் தன் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அவளை என் மடியில் கொடுத்தார்கள். துணியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு இடமாக. நேரம் போனதே தெரியவில்லை. உனக்கு இப்படிப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

என்னை மன்னித்துவிட்டாய் என்று எழுத வேண்டாம். வந்து இவளைத் தூக்கிக்கொள், போதும்.

ஜெயா


தர்மவரம்,
30.10.2007

அன்புள்ள ஜெயாவுக்கு,

கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம். தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடியே வருகிறோம், மூன்று பேரும். காட்பாடியில் இறங்கி பஸ் பிடிக்கிறோம். உன் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்கெல்லாம் வரச் சொல்லாதே, பிள்ளையோடு இருக்கட்டும். ஆறு வாரம் கழித்து உனக்கு மறுபடி சோதனை உண்டாமே, எங்கள் டாக்டர் சொன்னார். பிள்ளை பிறந்தாகிவிட்டது, தீர்ந்தது என்று விட்டுவிடாதே. நான் விட்டதன் பலனைப் பார்த்தாய் அல்லவா.

மன்னிப்பு பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எனக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நீ பார்த்ததை என்னிடம் இத்தனை வருஷம் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்தேன். அவனைக் கடைசியாகப் பிடித்துக்கொண்டு பேசியது அவன் சித்திதான், யாரோ ஒருத்தி இல்லை. அவன் காதில் என் பெயர் விழுந்திருக்கிறது. நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நீ இருந்திருக்கிறாய். கோபம் இன்னும் எங்கோ ஓரத்தில் இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும். அதையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த அன்று, பானு பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். உன் மகள் பிறந்ததைச் சொன்னேன். தங்கச்சி, தங்கச்சி என்று குதித்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, அவளையும் மாமாவையும் உட்கார வைத்துக்கொண்டு அவனைப் பற்றியும் சொன்னேன். இதுவரைக்கும் சொன்னதில்லை. எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று பயமாகத்தான் இருந்தது. நம் அம்மா பயந்த மாதிரியே நானும் பயந்தேன்.

அவள் அழவில்லை. எப்படி இருந்தான் என்று கேட்டாள். நீ எழுதியதை எல்லாம் சொன்னேன், முடி, மடிப்பு, நகம். தெரியாததை அவள் அப்பா சொன்னார், எலுமிச்சைப் பட்டு, ஏரிக்கரையில் எந்த மரத்துக்குப் பக்கம் என்று. அவர் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு ஒரே நாளில் வந்து நான் பார்த்ததில்லை.

கேட்டு முடித்துவிட்டு, "அப்ப என்னவிட மூணு வயசு பெரியவனா?" என்றாள்.

"ஆமாண்டி."

"அண்ணனா?"

"அண்ணன்தான்."

எழுந்து வெளியே ஓடிவிட்டாள். நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமாக, தெலுங்கில், எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் தெரியுமா, ரொம்பப் பெரிய பிள்ளையாம், என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்காரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் பானுவை உள்ளே கூப்பிடவில்லை.

உன் அக்கா
குணா